பாட்டுக்கு ஒரு வீடு



கொஞ்ச காலமாக நம் பத்திரிகைக்கு வரும் கவிதைகளில் ஒரு மாற்றம் தெரிகிறது. எழுத்துப் பிழை குறைந்துவிட்டது. உவமைகள் தடையில்லாமல் வருகின்றன. பாலைவனம், நிலவு, அம்மாவின் கைச்சோறு எல்லாம் இருக்கின்றன. ஆனால் முழுக் கவிதையையும் படித்து முடித்த பிறகும் எழுதியவர் எந்த ஊர்க்காரர், என்ன வேலை பார்க்கிறார், யாரை விட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பது பிடிபடுவதில்லை. சிலரிடம் கேட்டோம். கைப்பேசியில் ஒரு செயலியிடம் சொல்லி எழுதி வாங்கியதாக ஒளிக்காமல் சொன்னார்கள். அதில் ஒருவர் எங்களையே திருப்பிக் கேட்டார்: “டைப்ரைட்டரை ஏற்றுக்கொண்டீர்கள், கம்ப்யூட்டரை ஏற்றுக்கொண்டீர்கள். இதை மட்டும் ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?”

நேர்மையான கேள்வி. அவருக்கு மட்டும் பதில் எழுதி முடித்துவிட மனம் வரவில்லை. இந்த மாதம் இந்தப் பக்கத்தை அந்தக் கேள்விக்கே தருகிறேன்.

புதிய கருவி வரும்போது பழைய கலை என்ன ஆகும் என்பது நாம் பிழைக்க வந்திருக்கும் இந்த வளைகுடாக் கடற்கரைக்குப் புதிய கேள்வி அல்ல. உலகில் பல நாடுகள் நூறு, நூற்றைம்பது ஆண்டுகளில் கடந்த மாற்றத்தை வளைகுடா ஒரே தலைமுறையில் கடந்தது. பாய்மரக் கப்பலில் கயிறு இழுத்த கை, முதுமையில் குளிர்சாதன அறையில் தொலைக்காட்சி ரிமோட்டைப் பிடித்தது. அந்த மனிதரின் பாட்டு என்ன ஆனது என்று பார்த்தால், நம் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும்.

பஹ்ரைனின் முத்துக்குளிப் பாடல்களுக்கு ‘ஃபிஜிரி’ என்று பெயர். கோடையில் கப்பல்கள் கடலுக்குப் போனால் நான்கு மாதம் கரை திரும்பாது. குளிப்பவர் மூக்கில் கிடுக்கி மாட்டி, காலில் கல் கட்டி இறங்குவார். மேலே கயிறு பிடித்திருப்பவர் அவர் உயிரையும் சேர்த்தே பிடித்திருப்பார். துடுப்புப் போட, பாய் ஏற்ற, நங்கூரம் தூக்க என்று ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பாட்டு உண்டு. ‘நஹ்ஹாம்’ எனப்படும் முதற்பாடகர் உச்சக் குரலில் எடுப்பார். மற்றவர்கள் அடித்தொண்டையில் ஆழமாக ஒரு முழக்கம் போடுவார்கள். மனிதக் குரல் இவ்வளவு கீழே இறங்குமா என்று முதல் தடவை கேட்பவர்களுக்குத் தோன்றும். நல்ல நஹ்ஹாமைத் தம் கப்பலுக்குக் கொண்டுவரக் கப்பல் தலைவர்களுக்குள் போட்டியே இருந்தது. மிருதங்கமும் கடமும் கேட்டு வளர்ந்த நமக்கு இன்னொரு செய்தியும் பிடிக்கும்: இந்தப் பாட்டின் தாளக் கருவிகளில் ஒன்று, தண்ணீர் வைக்கும் மண்ஜாடி. சிறிய ‘மிர்வாஸ்’ மத்தளம், கைதட்டல், இந்த ஜாடி எல்லாம் பக்கவாத்தியம்.

இந்தத் தொழிலை அழகாக்கிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. குளிப்பவர்களில் பெரும்பாலோர் கப்பல் தலைவரிடம் வாங்கிய முன்பணத்தை ஆயுள் முழுக்கக் கட்டி முடியாமல் கிடந்தார்கள். பாட்டில் இருக்கும் துயரம் அங்கிருந்து வந்தது. ஜப்பானின் வளர்ப்பு முத்து சந்தைக்கு வந்ததும், 1929-இல் தொடங்கிய உலகப் பொருளாதார வீழ்ச்சியும் தொழிலை முறித்தன. 1932-இல் பஹ்ரைனில் எண்ணெய் கிடைத்தது. குளித்துப் பிழைத்தவர்கள் எண்ணெய்க் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்தார்கள். அந்த விடுதலையை யாரும் குறை சொல்ல முடியாது.

பாட்டு வேலையோடு கூடப் பிறந்தது என்றால், வேலை போனபோது பாட்டும் போயிருக்க வேண்டும். போகவில்லை. காரணம், ஃபிஜிரிக்குக் கரையில் ஒரு வீடு இருந்தது. ‘தார்’ என்று அழைக்கப்படும் பாட்டு வீடுகள் அவை. குளி இல்லாத மாதங்களில் இரவு நேரத்தில் ஆண்கள் அங்கே கூடுவார்கள். கடலில் வேலைக்காகப் பாடியதை இங்கே பாட்டுக்காகவே பாடுவார்கள். இளைஞர்கள் ஓரமாக உட்கார்ந்து கேட்டு, பின்வரிசையில் முழக்கம் போட்டு, கைதட்டலில் பிழை செய்து திருத்தப்பட்டு, ஒரு நாள் நடுவுக்கு வருவார்கள். கப்பல்கள் மக்கிப் போன பிறகும் இந்த வீடுகளில் சில மூடப்படவில்லை. முஹர்ரக் நகரில் இன்றும் அப்படிப்பட்ட தார்கள் இயங்குகின்றன. 2021-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஃபிஜிரியைச் சேர்த்தது. பட்டியலில் சேர்க்க உயிரோடு ஒரு கலை மிஞ்சியிருந்ததற்குக் காரணம் அந்த அறைகள்.

நம் ஊர்ப் பக்கம் திரும்பிப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. ஏற்றம் இறைத்தபோது பாடிய ஏற்றப்பாட்டு, பம்புசெட் வந்த சில ஆண்டுகளில் வயலை விட்டே போய்விட்டது. கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டு, யாழ்ப்பாணக் கரையிலும் சோழமண்டலக் கரையிலும் வயதானவர்கள் சிலரின் நினைவில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்த நம்மவர்களுக்கும் பாட்டு இருந்திருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கையின் மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்தபோது, வளைகுடா அரபுகளும் வந்து தமிழர்களோடு ஒரே கடலில் குளித்தார்கள். ஒரே தொழில், ஒரே கடல், ஒரே வகைக் கடன். அரபுகளுக்குப் பாட்டு மிஞ்சியது. நம் முத்துக்குளிப் பாட்டுக்கோ ஏற்றப்பாட்டுக்கோ, நான் அறிந்தவரை, ஒரு தார் இருந்ததில்லை. பாட்டு வேலையை விட்டு வெளியே வந்து உட்கார ஒரு திண்ணையை நாம் போட்டுத் தரவில்லை. பம்புசெட் மேல் பழி போடுவது எளிது. ஆனால் ஏற்றம் இறைத்தவன் முதுகுவலி எனக்குத் தெரியும் என்பவர்கள் பம்புசெட்டைத் திட்ட மாட்டார்கள்.

மறிச்சுக்கட்டியில் முத்துக்குளிப்பு நடந்த அதே ஆண்டுகளில், கருவியும் கலையும் பற்றிய இதே கேள்வியைப் பிறகு கேட்கப்போகும் ஒரு இளைஞர் இலங்கையில் மலை மலையாக ஏறி இறங்கிக் கல்லும் மண்ணும் ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆனந்த குமாரசுவாமி. தந்தை ஈழத்துத் தமிழர் சர் முத்து குமாரசுவாமி, தாய் ஆங்கிலேயர். 1903 முதல் 1906 வரை கனிமவள ஆய்வின் தலைவர். தோரியனைட் என்ற கனிமத்தைக் கண்டெடுத்தவர். இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இயந்திரத்தையும் நவீனத்தையும் கேள்வி கேட்டவர்கள் எல்லாரும் அறிவியல் தெரியாதவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. இவர் அறிவியலுக்குள் இருந்தே கேட்டவர்.

1909-இல் கொழும்பில் வெளிவந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில் ஒரு கட்டுரை கிராமஃபோனைப் பற்றியது. கலைப்பொருளை இயந்திரம் படியெடுப்பது பற்றி வால்டர் பெஞ்சமின் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை வந்தது 1936-இல். அதற்குக் கால் நூற்றாண்டுக்கும் முன்பே, நம்மவர் ஒருவர் இந்தக் கேள்வியைக் கையில் எடுத்துவிட்டார். நம் பல்கலைக்கழகங்களில் பெஞ்சமினைப் படிக்கும் அளவுக்குக் குமாரசுவாமியை ஏன் படிப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

அவர் வாதம் இரண்டு கால்களில் நிற்கிறது. ஒன்று பிழைப்பு: மனிதனுக்குப் பதில் பெட்டியை வைத்தால் பாடகனின் சோறு போகிறது. இரண்டாவது அதைவிட ஆழமானது. பெட்டி வந்த வீட்டில் கேட்பவர்களும் மாறிவிடுகிறார்கள். பாடகன் எதிரே இருக்கும்போது கேட்பவரும் பாட்டின் ஒரு பங்கு. தலையசைப்பும் ‘ஆஹா’வும் பாட்டைத் திருப்பும். பெட்டிக்கு முன்னால் அந்தப் பங்கு இல்லை. மெல்ல மெல்ல ஒரு சமூகமே பாடுவதை விட்டுவிட்டுக் கேட்க மட்டும் பழகிவிடும் என்று அவர் அஞ்சினார்.

அந்த அச்சம் பொய்யில்லை என்பதற்கு இங்கேயே சான்று இருக்கிறது. பஹ்ரைன், குவைத் பகுதியின் ‘ஸவ்த்’ இசை, மஜ்லிஸ் எனப்படும் கூடுமிடத்தில் பிறந்தது. ‘ஊத்’ என்ற நரம்புக் கருவியை வாசித்துக்கொண்டு ஒருவர் பாட, சுற்றி இருப்பவர்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிய கைதட்டல் தாளம் போடுவார்கள். இடையிடையே இருவர் எழுந்து ஆடுவார்கள். குவைத்தில் இந்த இசைக்கு உருவம் தந்த அப்துல்லா அல் ஃபரஜ் பம்பாயில் வளர்ந்தவர் என்பது நமக்கு ஒரு சிறு உறவு. முஹர்ரக்கின் பெரும் பாடகர் முஹம்மத் பின் ஃபாரிஸ் 1930-களில் பாக்தாத் சென்று இசைத்தட்டில் பாடினார். தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பிடிக்கும். ராத்திரி முழுக்க விரிந்த இசை அந்த மூன்று நிமிடத்துக்குள் தன்னை மடக்கிக்கொண்டது. நம் பக்கத்திலும் இதே கதைதான். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி, சுவாமி புறப்பாட்டில் மணிக்கணக்காக வளரும். இசைத்தட்டில் அதைச் சில நிமிடங்களுக்குள் அவர் வைக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் குமாரசுவாமியோடு நான் இங்கே பிரிகிறேன். அந்தத் தோடித் தட்டு, புறப்பாட்டின் பக்கத்திலேயே நிற்க முடியாத எத்தனையோ பேர் காதுக்குப் போனது. சபாவுக்குள் நுழையத் துணிச்சலோ காசோ இல்லாதவர்கள் டீக்கடை வாசலில் நின்று உயர்ந்த சங்கீதம் கேட்டார்கள். இசைத்தட்டு யார் எந்தத் தெரு என்று விசாரிக்கவில்லை. கே.பி. சுந்தராம்பாளின் குரல் கிராமத்து வீடுகளுக்குள் போனது பெட்டி வழியாகத்தான். பழைய அரங்குகள் யாரை வெளியே நிறுத்தின என்ற கணக்கைப் போடாமல் பழைமைக்கு வாதாடுவது நியாயமாகாது.

கருவிகளிலும் எல்லாம் ஒன்றில்லை. மூன்று நிமிடத் தட்டு ஃபிஜிரியைத் தாங்கியிருக்காது. 1958-இல் டென்மார்க்கின் இசை ஆய்வாளர் போல் ரோவ்சிங் ஓல்சன் டேப் ரெக்கார்டரோடு பஹ்ரைன் வந்தார். நீளமாக ஓடும் நாடா என்பதால் பாட்டு அதன் அளவிலேயே பதிவானது. தானே முத்துக்குளித்த தலைமுறை அப்போது உயிரோடு இருந்தது. அந்தப் பதிவுகள் இன்றும் ஆய்வாளர்களுக்கு அடிப்படை. கருவி நல்லதா கெட்டதா என்பதைவிட, யார் கையில், எதற்காக, எவ்வளவு பொறுமையோடு என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

டேப் ரெக்கார்டர் என்றதும் நம்மில் மூத்தவர்களுக்கு மனது எங்கே போகும் என்று தெரியும். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கிருந்து ஊருக்குப் போன ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு நேஷனல் பானசோனிக் இருந்தது. கூடவே குரல் பதிந்த கேசட்டுகளும் போயின, ஊரிலிருந்தும் வந்தன. கடிதம் எழுதத் தெரியாத அம்மா கேசட்டில் பேசினார். குழந்தையின் முதல் சொற்கள் அதில் வந்தன. எந்த அரசும் அகாடமியும் சொல்லித்தராமல் உழைக்கும் மக்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட கலைவடிவம் அது. அண்டை வீட்டுக்காரர்களான மலையாளிகள் அதைப் பாட்டாகவே ஆக்கினார்கள். நிலம்பூர் எஸ்.ஏ. ஜமீல் இயற்றிய ‘துபாய் கத்துப் பாட்டு’, ஊரில் இருக்கும் மனைவி வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு எழுதும் கடிதம். எழுபதுகளின் பிற்பகுதியில் அது கேசட்டில் பரவியபோது அறை அறையாக ஆண்கள் அழுதார்கள் என்று அன்று இங்கிருந்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மாப்பிளைப் பாட்டு என்ற பழைய வடிவத்தில், கேசட் என்ற புதிய கருவியில், பிரிவு என்ற பழைய துயரம் புதிதாக வந்தது. அந்தப் பாட்டைக் கேட்டவர்கள் தனியாகக் கேட்கவில்லை. ஒரு அறையில் பத்துப் பேர் கட்டில்களில் உட்கார்ந்து சேர்ந்து கேட்டார்கள். அந்த அறைதான் அவர்களுக்குத் தார்.

அபுதாபி 2006-இல் தொடங்கிய ‘மில்லியன்ஸ் போயட்’ தொலைக்காட்சிப் போட்டியையும் இந்த வரிசையில் சேர்ப்பேன். பேச்சு மொழியில் பாடப்படும் நபாத்திக் கவிதை, பெதூயின் மக்களின் பழைய சொத்து. அதை நடுவர் குழு, செல்பேசி வாக்கு, விளக்கு வெளிச்சம் என்று மேடையேற்றினார்கள். இலக்கியவாதிகளில் சிலர் முகம் சுளித்தார்கள். 2010-இல் முகம் முழுக்க மூடிய சவூதிப் பெண் ஹிஸ்ஸா ஹிலால், தீவிரவாத ஃபத்வாக்களைக் கண்டித்து அந்த மேடையில் கவிதை சொன்னார். கொலை மிரட்டல்கள் வந்தன. அவர் பின்வாங்காமல் இறுதிச் சுற்றுக்கு வந்து மூன்றாம் இடம் பெற்றார். கூடாரத்து வடிவம், தொலைக்காட்சி மேடை, ஒரு பெண்ணின் துணிச்சல். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் கலை செத்துப்போனதாக யாராலும் சொல்ல முடியாது.

இனி வாசகர் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். செயற்கை நுண்ணறிவுக்கென்று 2017-லேயே ஐக்கிய அரபு அமீரகம் ஒரு அமைச்சரை நியமித்தது. 2023-இல் ‘ஜைஸ்’ என்ற அரபு மொழி மாதிரி அபுதாபியில் வெளியானது. இந்தக் கருவி வரும், வளரும், நம் பிள்ளைகள் இதோடுதான் வாழப்போகிறார்கள். பயப்படச் சொல்லி நான் எழுதவில்லை.

ஆனால் இதற்கு முன் வந்த எந்தக் கருவியும் செய்யாத ஒன்றை இது செய்கிறது. கிராமஃபோன் பாடியவரின் குரலைப் பிடித்தது. கேசட் பேசியவரின் குரலைக் கொண்டுபோனது. இது, பாடாதவரின் பாட்டைத் தருகிறது. 2024-இல் ஏ.ஆர். ரஹ்மான், ‘லால் சலாம்’ படத்தின் ‘திமிறி எழுடா’ பாடலில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரல்களையும் செயற்கை நுண்ணறிவால் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, உரிய தொகை கொடுத்ததாகவும் வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆண்டில், எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை ஒரு தெலுங்குப் படத்தில் அனுமதியின்றிப் பயன்படுத்தினார்கள் என்று அவர் மகன் சரண் தரப்பில் சட்ட அறிவிப்பு போனது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. குமாரசுவாமி 1909-இல் கேட்ட பிழைப்பின் கேள்விக்கு ரஹ்மான் ஒரு பதில் தந்திருக்கிறார். கேட்டு, கொடுத்து, சொல்லிச் செய்தார்.

இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது. அனுமதியும் பணமும் சரியாக இருந்தாலும், பாட வேண்டிய புதிய தொண்டை ஒன்று பாடாமல் இருந்துவிடுமே, அதற்கு என்ன செய்வது? என் முடிவு இதுதான். கருவி மாறியதால் மட்டும் ஒரு கலை சாவதில்லை. கூடி உட்காரவும், தப்பாகப் பாடித் திருத்தப்படவும், பின்வரிசையிலிருந்து நடுவுக்கு வரவும் ஒரு இடம் இல்லாமல் போகும்போது சாகிறது. செயலியிடம் கவிதை வாங்கும் தம்பி யாரையும் ஏமாற்றவில்லை. பின்வரிசையில் உட்கார்ந்து பிழை செய்யும் காலத்தை அவர் தமக்கே இல்லாமல் செய்துகொள்கிறார். அந்தக் காலம் இல்லாமல் யாரும் நடுவுக்கு வந்ததில்லை.

அப்படி ஒரு இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பறையைப் பாருங்கள். சாவு வீட்டுக் கட்டாயமாகவும் சாதி இழிவாகவும் சுமத்தப்பட்டிருந்த ஒரு கருவி, கற்றுக்கொடுக்க ஆசான்களும் கற்க இளைஞர்களும் கூடியதால் இன்று தலைநிமிர்ந்து ஒலிக்கிறது. 2025-இல் மதுரை வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பறையைத் தலைநிமிர வைத்தது எந்தப் புதிய கருவியும் இல்லை, அரசும் இல்லை. கூடிய மனிதர்கள்.

எனவே நம் பத்திரிகையின் நிலை இது. எழுத்துப் பிழை பார்க்கவும், தட்டச்சு செய்யவும், மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லைத் தேடவும் எந்தக் கருவியையும் பயன்படுத்துங்கள். கவிதையும் கதையும் உங்களுடையதாக இருக்க வேண்டும். இயந்திரம் எழுதியதை வெளியிட மாட்டோம். பிழையோடு வரும் முதல் கவிதையை, எழுதியவரோடு தொலைபேசியில் பேசி, சேர்ந்து திருத்தி வெளியிடுவோம். அதற்கு ஆசிரியர் குழுவில் ஒவ்வொரு வாரமும் நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

உங்களிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. சோனாப்பூரிலோ முசஃபாவிலோ, மனாமாவிலோ ஃபர்வானியாவிலோ, உங்கள் கேம்பில், உங்கள் பெட் ஸ்பேஸ் அறையில், பக்கத்துக் கட்டிலில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு நடவுப் பாட்டோ அம்பாவோ தாலாட்டோ தெரிந்திருக்கலாம். யாரும் கேட்காததால் அவர் பாடியிருக்க மாட்டார். ஒரு விடுமுறை நாளில் அறையில் எல்லாரும் கூடியிருக்கும்போது அவரைப் பாடச் சொல்லுங்கள். கைப்பேசியில் முழுதாகப் பதியுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள். அவர் பெயர், ஊர், யாரிடம் கற்றார், எந்த வேலையின்போது பாடுவது என்ற நான்கையும் அவர் வாயாலேயே சொல்லவைத்து, அவர் சம்மதம் கேட்டு, எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து இரண்டு பக்கங்களை அந்தப் பாடகர்களுக்காக ஒதுக்கி வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்